மாமி ஆற்றில் இறங்கும் முன்: வால்ஐ மீன் பிடிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

ஆற்றின் பெயர் மாமி. சிரிப்பதென்றால் சிரித்துவிடுங்கள், நானும் முதல் தடவை சிரித்தேன். மயாமி என்ற பழங்குடி மக்களின் பெயர் பலர் வாயில் உருண்டு இப்படி ஆகியிருக்கிறது. இந்தியானாவின் ஃபோர்ட் வேன் நகரில் தொடங்கி, ஓஹையோவின் டொலீடோவில் ஈரி ஏரியில் போய்ச் சேர்கிறது. மற்ற மாதங்களில் வயல் சேற்றைச் சுமந்துகொண்டு பழுப்பாக ஓடும், யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்காத ஆறு. மார்ச் பிறந்துவிட்டால் ஏரியில் இருக்கும் வால்ஐ மீன்கள் முட்டையிட இதற்குள் ஏறி வரும். அவற்றைப் பிடிக்க நாலு மாநிலத்துக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசைகட்டி நிற்பார்கள்.

நான் இருப்பது மிச்சிகனின் கான்டனில். ஆற்றுக்கு ஒரு மணி நேரக் கார் ஓட்டம். முதல் வருடம் கடையில் பளபளவென்று இருந்த இரையையெல்லாம் அள்ளிக்கொண்டு போனேன். காலை பத்து மணிக்குள் பதினான்கு ஈயக்குண்டுகளை ஆற்றுக் கல்லுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு, கையில் மீன் வாசனைகூட இல்லாமல் திரும்பினேன். பக்கத்தில் நின்ற கிழவர் மட்டும் ஒரே நிற இரையை வைத்துக்கொண்டு மதியத்துக்குள் கோர்வையை (பிடித்த மீனைக் கோர்த்து வைக்கும் கயிற்றை) நிரப்பிவிட்டார். அவர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் இருந்த வித்தியாசம் ஈயத்தின் எடை மட்டும்தான். அது புரிய எனக்கு இரண்டு பருவம் ஆனது. உங்களுக்கு ஒரு காலைப்பொழுதில் புரிந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மீன் எப்படிப்பட்டது

வால்ஐ என்ற பெயரே அதன் கண்ணால் வந்தது. பூ விழுந்த கண் மாதிரி வெளிறித் தெரியும். கண்ணுக்குள் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது; இரவில் பூனைக்கண் மின்னுவதும் இப்படித்தான். அதனால் மங்கிய வெளிச்சத்திலும் கலங்கல் தண்ணீரிலும் இதற்குப் பார்வை நன்றாக இருக்கும். கனடாவில் இதே மீனைப் பிக்கரல் என்பார்கள். டொரன்டோ மீன்கடையில் அந்தப் பெயரில் வாங்கிச் சமைத்தவர்களுக்கு ருசி ஏற்கெனவே தெரியும்.

இது கூடு கட்டாது, குஞ்சைக் காக்காது. கூழாங்கல் கிடக்கும் ஓட்டத் தண்ணீரில், பெரும்பாலும் இரவில், பெண்மீன் முட்டைகளைச் சிதறிவிட்டு ஏரிக்குத் திரும்பிவிடும். ஆண்கள் முதலில் வந்து, கடைசி வரை இருந்துவிட்டுப் போகும். அதனால் உங்கள் தூண்டிலில் சிக்குவதில் பெரும்பகுதி 16 முதல் 20 அங்குலம் வரையுள்ள ஆண்மீன்தான். கையில் பிடித்ததும் பால் மாதிரி வெள்ளையாக விந்து கசியும், பயப்பட வேண்டாம். வயிறு உப்பிய 25 அங்குலத்துக்கு மேற்பட்டது வந்தால் அது சினைமீன். எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. நான் எடுப்பதில்லை. ஈரி ஏரியில் 2003, 2015, 2018 போன்ற நல்ல வருடங்களில் பிறந்த குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்ததால் இப்போது மீனுக்குப் பஞ்சமில்லை, ஒரு சினைமீனை விட்டால்தான் ஏரி பிழைக்கும் என்பதும் இல்லை. ஆனாலும் மனசு வருவதில்லை. தவிர, சிறிய ஆண்மீன்தான் ருசியும்.

ஒரு எச்சரிக்கை: வாய்க்குள் விரலை விடாதீர்கள். பல் கூர்மையானது. முதுகுத் துடுப்பின் முட்களும் செவுள் மூடியின் ஓரமும் கையைக் கிழிக்கும்.

எப்போது போவது

நாள்காட்டியைவிடத் தண்ணீரின் சூடுதான் கணக்கு. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வந்ததும் ஆண்மீன்கள் ஏறத் தொடங்கும். 42 முதல் 50 வரை முட்டையிடும் நேரம். இது பெரும்பாலும் மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடு வரை விழும். குளிர் நீண்ட வருடங்களில் தள்ளிப்போகும்.

அடுத்தது தண்ணீரின் அளவு. வாட்டர்வில் என்ற ஊரில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் அளவுமானி இருக்கிறது. ஆற்றின் மட்டமும் ஓட்டமும் இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கும். மேலே இந்தியானாவில் மழை கொட்டினால் இங்கே ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஏறும், ஆகவே உங்கள் ஊர் வெயிலை நம்பிக் கிளம்பாதீர்கள். போகிற ஒவ்வொரு முறையும் மானி என்ன காட்டியது, தண்ணீர் காலில் எதுவரை வந்தது, மீன் கிடைத்ததா என்று கைப்பேசியில் மூன்று வரி எழுதி வையுங்கள். இரண்டாம் வருடம் அந்தக் குறிப்பு எந்த இரையையும்விடப் பயன்படும். ஏறிய தண்ணீர் வடியத் தொடங்கும் முதல் இரண்டு நாட்கள் எனக்கு எப்போதும் நல்ல நாட்களாக இருந்திருக்கின்றன.

வார இறுதியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். சனிக்கிழமை காலை சைடு கட் பூங்காவில் கார் நிறுத்த இடம் தேடுவது நம் ஊர்த் திருவிழாவில் செருப்பைத் தேடுவது மாதிரி.

சட்டம், முதலிலேயே

இங்கே வனத்துறைக் காவலர்கள் உண்மையிலேயே வந்து பார்ப்பார்கள். சாதாரண உடையிலும் நிற்பார்கள்.

உரிமம் வேண்டும். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஹன்ட்ஃபிஷ் ஓஹெச் என்ற செயலியில் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். என்னைப் போல வெளிமாநிலத்திலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது: வெளிமாநிலத்தார் உரிமத்தோடு ஜனவரி முதல் ஏப்ரல் முடிய ஈரி ஏரிப் பகுதிக்கென்று தனி அனுமதிச் சீட்டும் உண்டு. அதை வாங்காமல் போய் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

மார்ச், ஏப்ரல் இரு மாதங்களும் ஆற்றின் இந்தப் பகுதிக்குத் தனி விதிகள். சூரியன் உதித்து மறையும் வரைதான் தூண்டில் போடலாம். மார்ச் கடைசியில் ஏழே காலுக்கு மேல்தான் விடியும், எனவே நாலு மணிக்கு எழுந்து பயனில்லை, நின்று விறைப்பதுதான் மிச்சம். ஆளுக்கு ஒரு தூண்டில். அதில் ஒற்றை முள், ஒன்றே ஒன்று. முள்ளின் தண்டுக்கும் கூருக்கும் இடையில் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம்பர் 2 அளவு முள் வாங்கினால் கவலையே இல்லை. மீன் 15 அங்குலமாவது இருக்க வேண்டும். நாளுக்கு ஆளுக்கு ஆறு என்பது இதை எழுதும்போது உள்ள வரம்பு. போகுமுன் அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விதி: முள் வாய்க்குள் மாட்டியிருக்க வேண்டும். தாடைக்கு வெளியே, முதுகில், வாலில் என்று வேறு எங்கே மாட்டியிருந்தாலும் உடனே விட்டுவிட வேண்டும். இதைப் பற்றிக் கீழே இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

இன்னொன்று. மாமியில் இப்போது பிடிக்கலாம் என்பதால் எல்லா ஆற்றிலும் பிடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டையிடும் காலத்தில் வால்ஐ பிடிப்பதைப் பல இடங்களில் மூடி வைத்திருக்கிறார்கள். மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்து உள்நாட்டு ஆறுகள் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைதான் திறக்கும். ஒன்டாரியோவின் குயின்டே வளைகுடாவில் மே முதல் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும். டெட்ராய்ட் ஆற்றின் மிச்சிகன் பக்கம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் அங்கே படகு வேண்டும், முறையும் வேறு.

வாங்க வேண்டியவை

ஆறரை முதல் ஏழடி வரை நீளமுள்ள, நடுத்தர விறைப்புள்ள ஸ்பின்னிங் ராடு, அதாவது தூண்டில் கோல். அதில் மாட்டும் ரீலில் 12 பவுண்டு தாங்கும் தங்கூசி, அதாவது நைலான் இழை. இது போதும், வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு தொடங்கலாம். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் வேடர்ஸ். மார்பு வரை வரும் அந்த நீர்புகா உடையில் மலிவானதை வாங்கி, தையல் விட்டுப்போய், 40 டிகிரித் தண்ணீர் தொடையில் இறங்கும்போது உங்களுக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் வார்த்தை வரும். எனக்கு வந்தது.

இனி தூண்டிலைக் கட்டுவது. தங்கூசியில் முதலில் நடுவில் துளையுள்ள முட்டை வடிவ ஈயக்குண்டைக் கோர்த்துக்கொள்ளுங்கள். அதன் பின் சிறு பாசிமணி ஒன்று. அப்புறம் சுழலும் வளையத்தைக் கட்டுங்கள். வளையத்தின் மறுபக்கம் 8 பவுண்டுத் தங்கூசியில் ஒன்றரை முதல் இரண்டடி வரை ஒரு துண்டு. நுனியில் மிதக்கும் ஜிக். அதாவது முள்ளின் தலையில் பஞ்சு மாதிரி ஒரு மிதவைத் தலை இருக்கும். அதில் இரண்டரை அங்குல ரப்பர் வால் ஒன்றைக் கோர்க்க வேண்டும். ஈயம் தரையில் உருளும், முள் கல்லில் மாட்டாமல் அரையடி மேலே மிதந்து வரும். நுனித் துண்டு மெலிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முள் கல்லில் மாட்டினால் அது மட்டும் அறுந்து போகும், ஈயமும் வளையமும் உங்களிடமே திரும்பும்.

முதல் நாள் இரவே நுனித் துண்டுகள் இருபதாவது கட்டி வையுங்கள். ஆற்றில் நின்று, விறைத்த விரலால், காற்றில் முடிச்சுப் போடுவது தவம். ஈயக்குண்டு 3/8 அவுன்ஸ் முதல் 3/4 அவுன்ஸ் வரை ஒவ்வொரு எடையிலும் ஐந்தாறு இருக்கட்டும். ரப்பர் வாலின் நிறம் பற்றிக் கரையில் பட்டிமன்றமே நடக்கும். பச்சை கலந்த மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, வெள்ளை ஒன்று. அதோடு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எங்கே நிற்பது

ஆற்றின் ஒரு கரையில் மாமி ஊர், மறு கரையில் பெரிஸ்பர்க். மாமிப் பக்கம் சைடு கட் பூங்கா, அதையொட்டி ஆற்றுக்குள் புளூகிராஸ் தீவு. பெரிஸ்பர்க் பக்கம் ஆர்லியன்ஸ் பூங்கா. அதற்கு மேலே மேட்டில் 1813இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் கட்டிய ஃபோர்ட் மெய்க்ஸ் கோட்டை. பருவத் தொடக்கத்தில் கீழ்ப்புறத் துறைகளும், மீன் ஏற ஏற மேல்புறமும் நன்றாக இருக்கும்.

வேடர்ஸ் இல்லையென்றால் தண்ணீர் கூடியிருக்கும் நாளில் வாருங்கள். வேகமான நடு ஓட்டத்தைத் தவிர்த்து மீன் கரையோரம் ஒதுங்கி ஏறும். அந்த நாட்களில் ஆற்றுக்குள் நிற்பவர்களைவிடக் கரையில் நிற்பவர்களுக்கு அதிகம் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். புதியவர்கள் செய்யும் தவறே இறங்கியதும் நடு ஆறு வரை போய்விடுவது. மீன் பல நேரம் அவர்கள் முழங்காலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

கல்லைத் தட்டுகிறதா?

சரி, இதுதான் விஷயம்.

ஓட்டம் உங்கள் இடப்பக்கமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே, சற்று இடப்பக்கம் தள்ளி வீசுங்கள். ஈயம் தரையைத் தொட்டதும் தளர்ந்திருக்கும் தங்கூசியைச் சுருட்டி இறுக்குங்கள். ராடு நுனியைக் கொஞ்சம் உயர்த்தி, ஈயம் எங்கே இருக்கிறதோ அந்தத் திசையிலேயே மெதுவாகத் திருப்பிக்கொண்டு வாருங்கள். ஓட்டம் அதை இழுத்துக்கொண்டு வலப்பக்கமாக வளைந்து போகும். இப்போது கையில் என்ன தெரிகிறது?

டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். மறுபடி டொக், டொக். கூழாங்கல் மேல் ஈயம் தட்டித் தட்டிப் போகிறது. இப்படி இருந்தால் எடை சரி. எதுவுமே தெரியாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ஈயம் தரையைத் தொடவில்லை, மீனின் தலைக்கு மேலே போகிறது. அடுத்த எடைக்கு மாறுங்கள். விழுந்த இடத்திலேயே அமர்ந்துகொண்டால், அல்லது வீசும் மூன்றில் ஒன்று கல்லில் மாட்டினால், எடை அதிகம். என் பதினான்கு குண்டுகளும் போனது இப்படித்தான். கனமாக இருந்தால் தூரம் போகும் என்று முக்கால் அவுன்ஸை முழங்கால் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கடி தள்ளி நின்றாலும் எடை மாறும். காலையில் சரியாக இருந்தது மதியம் தண்ணீர் அரையடி வடிந்ததும் கனமாகிவிடும். ஆகவே கிழவர்கள் நிறத்தை மாற்றுவதில்லை, ஈயத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் அரை மணி நேரம் மீனையே மறந்துவிட்டு அந்தத் தட்டலை மட்டும் தேடுங்கள். வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலை மட்டும் அசைக்காதீர்கள்.

மீன் கடித்தால் வெடுக்கென்று இழுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்த நேரத்தில் அதற்குப் பசி பெரிதில்லை. தன் முகத்துக்கு நேரே வருவதை வாயால் தள்ளிப் பார்க்கிறது, அவ்வளவுதான். தட்டல் சட்டென்று நின்றுபோகும். அல்லது ஈரத்துணி மாட்டிக்கொண்டது போல ஒரு கனம் சேரும். அப்போது ராடை நிதானமாக ஓர் அடி உயர்த்துங்கள். தலையை ஆட்டினால் மீன், ஆட்டாவிட்டால் கல்.

ஓங்கி வெட்டி இழுப்பவர்களை வரிசையில் நிறையப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் பளீரென்று ஒரு வெட்டு. அது மீன்பிடிப்பு இல்லை. கூட்டமாக நிற்கும் மீனின் முதுகில் முள்ளைப் பாய்ச்சும் வேலை. இப்படி மாட்டியதை விட்டுவிடத்தான் வேண்டும், விடாவிட்டால் அபராதம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. நுனித் துண்டை நாலடி, ஐந்தடி என்று நீளமாகக் கட்டினால், தங்கூசி மீனின் திறந்த வாய் வழியே உரசிப் போய் முள் வெளித் தாடையில் மாட்டும். பார்த்தால் கடித்த மாதிரியே இருக்கும், கணக்கில் சேராது. அதனால்தான் ஒன்றரை, இரண்டடி என்று சொன்னேன். எனக்குக் கிடைத்த முதல் வால்ஐயே முதுகுத் துடுப்பில் மாட்டியதுதான். விடுவதற்குள் நெஞ்சு கனத்தது. நல்ல மீன்.

வரிசையில் நிற்கும்போது சில மரியாதைகள். பக்கத்தில் இருப்பவர் வீசியபின் வீசுங்கள், அவரோடு ஒரே தாளத்தில் போனால் சிக்கல் வராது. மீன் மாட்டினால் ‘ஃபிஷ் ஆன்’ என்று உரக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பக்கம் நிற்பவர்கள் தங்கள் தங்கூசியைச் சுருட்டிக்கொள்வார்கள். வலை இல்லாவிட்டாலும் யாராவது நீட்டுவார்கள். பதிலுக்கு அடுத்த தடவை நீங்கள் நீட்ட வேண்டும்.

தண்ணீரில் நிற்பது

குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் இஷ்டத்துக்குத் திணறும். பத்து நிமிடத்தில் கைகால் சொன்ன பேச்சு கேட்காது. நீச்சல் தெரியும் என்பது இங்கே பெரிய தைரியம் இல்லை. வேடர்ஸுக்கு மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தாலும் உள்ளே தண்ணீர் சட்டென்று நிறையாது. கையில் ஓர் ஊன்றுகோல். மெல்லிய மிதவைச் சட்டை போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி நகருங்கள். ஓட்டத்துக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். தொடைக்கு மேல் போக வேண்டிய அவசியம் கிட்டத்தட்ட எப்போதுமே இல்லை.

புளூகிராஸ் தீவுக்குப் போக ஒரு கிளை ஓடையைக் கடக்க வேண்டும். காலையில் முழங்காலளவு இருந்தது மாலைக்குள் இடுப்பைத் தாண்டலாம். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். கல் மறைந்தால் கிளம்புங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. முதல் வருடம் அந்தத் தீவையே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

பிடித்த மீனைக் கோர்வையில் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்து, காருக்கு வந்ததும் ஐஸ் பெட்டியில் போடுங்கள். செதில் சிறியது, பிடிவாதமானது. வீட்டுச் சமையலறையில் உரசினால் சுவரெல்லாம் ஒட்டும், வெளியே வைத்துச் செய்யுங்கள். சதை வெள்ளை, வாசனை குறைவு. விலா எலும்பை எடுத்துவிட்டால் நடுவில் ஒரு வரிசைச் சிறுமுள் மட்டும்தான், விரலால் தடவினால் தெரியும்.

பெரிய மீனில் பாதரசமும் பழைய தொழிற்சாலைக் கழிவுகளும் அதிகம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எவ்வளவு சாப்பிடலாம் என்று ஓஹையோ அரசு அளவு சொல்லியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஆண்மீன் ருசி என்று சொன்னதற்கு இதுவும் சேர்த்தி.

வறுப்பதென்றால் தோலோடு துண்டு போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. மசாலாவைக் கனமாக அப்ப வேண்டாம், மென்மையான மீன், ருசி அமுங்கிவிடும். குழம்புக்குச் சதைத் துண்டுகள் சரிவராது, கிண்டும்போது உதிர்ந்துவிடுகிறது. தலையையும் நடு எலும்பையும் மட்டும் புளிக்குழம்பில் போட்டு, கொதி அடங்கும் நேரத்தில் இறக்கி, மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டால் அபாரம். அதற்கு முன், அன்றிரவே வேடர்ஸை உட்புறம் வெளியே தெரிய திருப்பிக் காயப் போட்டுவிடுங்கள். மறந்தால் அடுத்த வாரம் காரில் யாரும் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.